உயர்ந்தபடியே பின்தங்கிய மிச்சிகன்

அமெரிக்காவின் வடக்கெல்லையில், பேரேரிகள் சூழ அமைந்த மிச்சிகன் மாநிலத்தில் 1979-ஆம் ஆண்டில் ஒரு குடித்தனத்தின் இடைநிலை வருமானம் 19,223 டாலராக இருந்தது. 2023-இல் அது 69,183 டாலர். தொகையை மட்டும் பார்ப்பவருக்கு, நாற்பத்து நான்கு ஆண்டுகளில் வருமானம் மூன்றரை மடங்குக்கு மேல் பெருகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதே 1979-இல் அமெரிக்கா முழுமைக்குமான இடைநிலை 16,841 டாலர். 2023-இல் 77,719 டாலர். நாட்டின் நடுநிலைக் குடித்தனத்தைவிட 14 சதவீதம் மேலே நின்ற மிச்சிகன் குடித்தனம் இன்று அதைவிட 11 சதவீதம் கீழே நிற்கிறது. டாலர்த் தொகை ஏறிக்கொண்டே போனதால் மறைந்து கிடக்கும் இந்த இறக்கம், ஒரே தொழிலை நம்பி வளமடைந்த ஒரு மாநிலத்தின் அரை நூற்றாண்டு வரலாற்றைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

இடைநிலை என்பது சராசரி அன்று. ஒரு தெருவில் ஐந்து குடித்தனங்கள் இருந்து, அவற்றின் ஆண்டு வருமானம் முறையே 20,000, 30,000, 45,000, 70,000, 5,00,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுக்கக் கிடைக்கும் சராசரி 1,33,000 டாலர். அந்தத் தெருவில் நான்கு வீடுகள் அப்படியொரு தொகையைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. வரிசையின் நடுவில் நிற்கும் மூன்றாவது குடித்தனத்தின் 45,000 டாலரே இடைநிலை. கடைசி வீட்டுச் செல்வந்தரின் வருமானம் இரட்டித்தால் சராசரி துள்ளி எழும், இடைநிலை அசையாது. மிச்சிகனில் உள்ள ஏறத்தாழ 40 லட்சம் குடித்தனங்களை வருமான வரிசையில் நிறுத்தினால், 20 லட்சமாவது இடத்தில் நிற்கும் குடித்தனம் ஈட்டும் தொகைதான் இங்கே பேசப்படுவது. தமிழ்நாட்டு வாசகர்கள் வரவுசெலவுத் திட்டத்தையொட்டிச் செய்தித்தாள்களில் படிக்கும் தனிநபர் வருமானமோ, மாநிலத்தின் நிகர உற்பத்தி மதிப்பை மக்கள்தொகையால் வகுத்துப் பெறும் சராசரி. இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வீடு வீடாகச் சென்று கேட்பதும் பெரும்பாலும் செலவைத்தானே தவிர வருமானத்தை அன்று.

குடித்தனம் என்ற அலகையும் சற்றுக் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டில் வசிப்போர், உறவினராயினும் அல்லாராயினும், அனைவரும் சேர்ந்தது ஒரு குடித்தனம். தனியே வாழும் மூதாட்டியும் ஒரு குடித்தனம், வாடகையைப் பகிர்ந்துகொண்டு தங்கியிருக்கும் மூன்று மாணவர்களும் ஒரு குடித்தனம். இரத்த உறவாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ இணைந்தவர்களைக் குடும்பம் என்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தனியே கணக்கிடுகிறது; தனியாள் வீடுகள் அதில் சேராததால் குடும்ப இடைநிலை உயரமாகவே இருக்கும். 1999-இல் மிச்சிகனின் குடித்தன இடைநிலை 44,667 டாலராக இருக்க, குடும்ப இடைநிலை 53,457 டாலராக இருந்தது. ஓர் ஆண்டின் குடும்ப எண்ணையும் இன்னோர் ஆண்டின் குடித்தன எண்ணையும் அருகருகே வைத்து ஏற்றம், இறக்கம் பேசுவோர் இன்றும் உண்டு. அத்தகைய ஒப்பீடுகளை ஒதுக்கிவிடுவதே நல்லது.

கணக்கில் வருவது வரி பிடிப்பதற்கு முந்தைய ரொக்க வருமானம் மட்டுமே. ஊதியம், சொந்தத் தொழில் ஆதாயம், வட்டி, வாடகை, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், நிறுவனம் தரும் ஓய்வூதியம், அரசின் உதவித்தொகை ஆகியவை அதில் அடங்கும். முதலாளி கட்டும் மருத்துவக் காப்பீட்டுத் தவணை, உணவுப்பொருள் உதவி, பங்கையோ வீட்டையோ விற்றுப் பெற்ற லாபம் ஆகியவை அடங்கா. இந்த விதி மிச்சிகனில் சிறு நுணுக்கமாக நின்றுவிடவில்லை. அங்கே வாகன ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்குக் கிடைத்த பெரும் நன்மைகளுள் ஒன்று நிறுவனச் செலவிலான மருத்துவக் காப்பீடு. ஆலை மூடியபோது அந்த வீடு இழந்ததில் ஒரு கணிசமான பங்கு எந்த வருமான அட்டவணையிலும் பதிவாகவே இல்லை.

மிச்சிகன் ஒரு காலத்தில் மேலே நின்றதற்கான காரணம் 1914 சனவரியிலிருந்து தொடங்குகிறது. டெட்ராய்ட் நகரத்தையொட்டிய ஹைலண்ட் பார்க் கார் ஆலையில் ஹென்றி ஃபோர்டு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். அதுவரை நிலவிய கூலியைப் போல அது இரு மடங்கு, வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைந்தது. அறிவிப்பில் ஒரு கொக்கி இருந்தது. ஐந்து டாலரில் ஏறத்தாழ பாதி லாபப் பங்கு என்ற பெயரில் தரப்பட்டது. அதைப் பெறத் தொழிலாளி ஒழுங்காக வாழ்கிறாரா, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று நிறுவனத்தின் சமூகவியல் பிரிவினர் வீட்டுக்கே வந்து விசாரித்தனர். முதலாளியின் தயவில் வந்த கூலி தொழிலாளியின் உரிமையாக மாறுவதற்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது: 1936 டிசம்பர் 30-ஆம் நாள் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள் தொழிலாளர்கள் தொடங்கிய உள்ளிருப்பு வேலைநிறுத்தம், 1937 பிப்ரவரி 11 அன்று ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தை நிறுவனம் அங்கீகரித்தபோதுதான் முடிவுக்கு வந்தது.

வால்டர் ராய்தர் தலைமையில் அந்தச் சங்கம் 1950-இல் ஜெனரல் மோட்டார்ஸுடன் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 'டெட்ராய்ட் உடன்படிக்கை' என்று பெயர் பெற்றது. விலைவாசிக்கேற்ப உயரும் அகவிலைப்படி, உற்பத்தித்திறன் உயர்வை முன்னிட்டு ஆண்டுதோறும் ஒரு நிச்சய ஊதிய உயர்வு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டில் நிறுவனத்தின் பங்கு ஆகியவை அதில் இடம்பெற்றன. ஃபோர்டும் கிரைஸ்லரும் அதே வழியில் சென்றன. ஒரு மாநிலத்தின் இடைநிலை வருமானம் உயர்வதற்குக் கோடீஸ்வரர்கள் பெருகத் தேவையில்லை, வரிசையின் நடுவில் கூட்டமாக நிற்பவர்களின் கூலி உயர வேண்டும். உயர்நிலைப் பள்ளிப் படிப்போடு ஆலைக்குள் நுழைந்த லட்சக்கணக்கானோர் நின்ற இடம் சரியாக அதுவாகவே இருந்தது. அவர்களை இழந்துவிடாமலிருக்க உதிரிபாக ஆலைகளும், கட்டுமான ஒப்பந்தக்காரர்களும், நகராட்சிகளும்கூடத் தங்கள் கூலியை உயர்த்த வேண்டியிருந்ததால், சங்கத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத வீடுகளுக்கும் அதன் பலன் கசிந்தது. நாட்டைவிட 14 சதவீதம் மேலே என்ற 1979-இன் எண் இந்த ஏற்பாட்டின் அந்திமக்கால விளைச்சல்.

அந்த ஆண்டிலேயே விரிசல் விழுந்தது. ஈரானியப் புரட்சியைத் தொடர்ந்து பெட்ரோல் விலை ஏற, அமெரிக்க வாடிக்கையாளர் சிறிய ஜப்பானியக் கார்களை நாடினார்; கிரைஸ்லர் நிறுவனம் கடன் உத்தரவாதம் கேட்டு அமெரிக்க அரசிடம் கையேந்தியது; பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி உயர்த்திய வட்டி, தவணையில் கார் வாங்குவோரை விரட்டியது. 1982 முடிவில் மிச்சிகனின் வேலையின்மை 16 சதவீதத்தைத் தாண்டியது. ஃபிளின்டில் 1970-களின் இறுதியில் 80,000 பேரை ஒட்டி வேலைக்கு வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் அடுத்த பத்தாண்டில் ஆலை ஆலையாகக் குறைத்துக்கொண்டே வந்ததை, அந்த ஊரில் வளர்ந்த மைக்கேல் மூர் 1989-இல் 'ரோஜர் அண்ட் மீ' என்ற ஆவணப்படமாக எடுத்தார். கார் விற்பனை பிறகு மீண்டது. ஆனால் மீண்ட விற்பனைக்கான புதிய ஆலைகள் பெரும்பாலும் வேறு மாநிலங்களில் எழுந்தன. ஹோண்டா 1982-இல் ஒஹையோவிலும், நிசான் 1983-இல் டென்னசியிலும், டொயோட்டா 1988-இல் கென்டக்கியிலும் உற்பத்தியைத் தொடங்கின. மிச்சிகனுக்கு வாய்த்தது ஃபிளாட் ராக்கில் மஸ்தா அமைத்த ஆலை. 1989-இல் மாநிலத்தின் இடைநிலை 31,020 டாலர், நாட்டினுடையது 30,056 டாலர்: 14 சதவீத முன்னிலை பத்தே ஆண்டுகளில் 3 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

1990-களில் பெட்ரோல் மலிந்து, உயரமான எஸ்யூவி வண்டிகளுக்கும் பிக்-அப் வண்டிகளுக்கும் மோகம் பிறந்தபோது டெட்ராய்ட் நிறுவனங்கள் மீண்டும் கொழித்தன. ஓவர்டைம் குவிந்தது, 2000-இல் மாநில வேலையின்மை 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1999-இன் 44,667 டாலர், நாட்டின் 41,994 டாலரைவிட 6 சதவீதம் அதிகம். முன்னிலை ஓரளவு திரும்பியதாகத் தெரிந்த அந்த ஆண்டுகளை, பிந்தைய நிகழ்வுகளின் வெளிச்சத்தில் பார்த்தால், ஒரே வகை வண்டியின் லாபத்தின்மேல் நின்ற இடைக்கால மீட்சி என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் விலைவாசியைக் கணக்கில் எடுக்காமல் மேலே செல்ல முடியாது. அந்தந்த ஆண்டின் டாலரிலேயே சொல்லப்படும் தொகை பெயரளவு வருமானம். அதிலிருந்து விலை உயர்வை நீக்கிய பின் எஞ்சும் வாங்கும் சக்தி மெய் வருமானம். நீக்குவதற்குப் பயன்படும் கருவி, குறிப்பிட்ட பண்டங்களும் சேவைகளும் அடங்கிய ஒரு கூடையின் விலையைத் தொடர்ந்து பதிவுசெய்யும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண். 1979-க்கும் 1999-க்கும் இடையே மிச்சிகனின் பெயரளவு இடைநிலை 2.32 மடங்கானது, வழக்கமான குறியீட்டெண்ணின்படி விலைகள் 2.29 மடங்காயின. ஆக, இருபது ஆண்டு உழைப்பின் மெய் வளர்ச்சி 1 சதவீதத்தை ஒட்டியதுதான் என்று ஒருவர் எழுதலாம். ஆனால் 1983 வரை அந்தக் குறியீட்டெண் சொந்த வீட்டின் செலவை வீட்டு விலையையும் கடன் வட்டியையும் கொண்டே அளந்ததால், வட்டி எகிறிய ஆண்டுகளில் விலைவாசி உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. பிற்கால முறையைப் பழைய ஆண்டுகளுக்கும் பொருத்தித் திருத்திய தொடரைக் கொண்டு கணக்கிட்டால் அதே வளர்ச்சி 8 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இரண்டு விடைகளுமே நேர்மையான கணக்குகள்தாம். நீண்டகால மெய் வருமானத்தைப் பற்றிய எந்தக் கூற்றையும் எந்தக் குறியீட்டெண் என்று கேட்காமல் ஏற்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. இக்கட்டுரை மாநிலத்தை நாட்டோடு ஒப்பிடும் விகிதத்தையே பெரிதும் பற்றிச் செல்வதற்கும் அதுவே காரணம், ஏனெனில் பகுதியும் தொகுதியும் ஒரே குறியீட்டெண்ணால் வகுபடும்போது அந்தக் குழப்பம் தானே அடிபட்டுப் போகிறது.

குடித்தனங்களின் வடிவமும் அந்த இருபது ஆண்டுகளில் மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1970-இல் ஒரு குடித்தனத்துக்கு 3.14 பேர் என்றிருந்த அளவு 2000-இல் இரண்டரையை ஒட்டிக் குறைந்தது. மிச்சிகனில் அது 2.56. மணமுறிவும், தாமதமான திருமணமும், தனியே வாழும் முதியோரும் குடித்தனங்களைச் சிறிதாக்கி இடைநிலையைக் கீழே இழுத்தன. அதே வேளையில் மனைவியரும் சம்பள வேலைக்குச் சென்றது அதை மேலே தள்ளியது. கணவனின் கூலி தேங்கி நின்றாலும் இரண்டாவது சம்பளம் வீட்டு வருமானத்தைத் தாங்கிப் பிடித்ததால், ஏறாத கூலியும் ஏறிய குடித்தன வருமானமும் ஒரே காலத்தில் நிகழக்கூடியவையாயின.

உண்மையான வீழ்ச்சி 2000-க்குப் பிறகு வந்தது. 1999-இல் 44,667 டாலராக இருந்த இடைநிலை 2009-இல் 45,255 டாலர். பத்தாண்டில் பெயரளவில் கூடியது 1 சதவீதத்துக்குச் சற்று மேல், விலைவாசி உயர்ந்ததோ 29 சதவீதத்தை ஒட்டி. மெய் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டது என்று இதற்குப் பொருள். இந்தக் கணக்கிலும் ஒரு சிறு தள்ளுபடி உண்டு. 1999-இன் எண், பத்தாண்டுக்கொருமுறை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறில் ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்ட நீண்ட படிவத்திலிருந்து வந்தது; அது முந்தைய நாட்காட்டி ஆண்டின் வருமானத்தைக் கேட்டது. 2005 முதல் அதன் இடத்தைப் பிடித்த அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்பு, ஆண்டு முழுவதும் மாதந்தோறும் படிவங்களை அனுப்பி, பதிலளிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாத வருமானத்தைக் கேட்கிறது. அதில் கிடைக்கும் வருமானம் பழைய முறையைவிடச் சில சதவீதம் குறைவாகவே வந்து விழுகிறது. அந்தச் சில சதவீதத்தைக் கழித்தாலும் வீழ்ச்சியின் பருமன் பெரிதாக மாறுவதில்லை. நாட்டு எண்ணும் அதே முறை மாற்றத்துக்கு உட்பட்டதுதான். அந்த எண் அதே பத்தாண்டில் பெயரளவில் 20 சதவீதத்தை ஒட்டி உயர்ந்திருந்தது.

பொதுவாக இந்த வீழ்ச்சியை 2008-இன் நிதி நெருக்கடியின்மேல் சுமத்திவிடுவது வழக்கம். எண்கள் அதற்கு உடன்படவில்லை. 2005-இலேயே மிச்சிகனின் இடைநிலை 46,039 டாலர், நாட்டினுடையது 46,242 டாலர். அதாவது நாடு வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே மாநிலத்தின் முன்னிலை முழுதும் கரைந்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து பிரிந்த உதிரிபாக நிறுவனமான டெல்ஃபை திவால் மனு கொடுத்தது. 2007-இல் மாநிலம் 47,950, நாடு 50,740. பிறகு 2009 ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லரும் சூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸும் திவால் பாதுகாப்பை நாடியபோது, ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த சரிவில் கடைசிப் படிதான் இடிந்தது. 2000-த்திலிருந்து பத்தாண்டுக்குள் மாநிலம் இழந்த வேலைகள் எட்டு லட்சத்தை ஒட்டியவை.

வேலை போனவர்களைப் பற்றியே பேசப்படும் இந்தக் கதையில், வேலை நிலைத்த இடத்தில் நடந்தது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. 2007-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் தொழிற்சங்கம் இரட்டை ஊதிய முறைக்கு இணங்கியது: பழைய தொழிலாளிக்கு மணிக்குச் சுமார் 28 டாலர், புதிதாகச் சேர்பவருக்குச் சுமார் 14 டாலர். ஒரே அசெம்பிளி லைனில், ஒரே ஷிப்டில், நகர்ந்து வரும் காரின் இடப்பக்கக் கதவைப் பூட்டுபவர் வாரத்துக்கு 40 மணி வீதம் 52 வாரம் உழைத்து ஆண்டுக்கு 58,240 டாலர் ஈட்ட, வலப்பக்கக் கதவைப் பூட்டுபவர் 29,120 டாலர் ஈட்டுவார். முதல்வரின் ஒற்றைச் சம்பளமே அவருடைய வீட்டை அந்த ஆண்டின் மாநில இடைநிலைக்குப் பத்தாயிரம் டாலர் மேலே நிறுத்தும். இரண்டாமவரின் வீடு அதே படியில் நிற்க வேண்டுமானால் அவருடைய துணையும் அதே அளவு முழுநேரம் உழைக்க வேண்டும். வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தில் இருவரும் ஆளுக்கொரு வேலை என்றே எண்ணப்படுவர். பின்னாளில் ஆலைகள் ஆளெடுக்கத் தொடங்கியபோது வேலை எண்ணிக்கை உயர்ந்த வேகத்தில் இடைநிலை வருமானம் உயராததன் இரகசியத்தில் ஒரு பகுதி இந்தக் கதவுகளுக்கு இடையில் இருக்கிறது.

இன்னொரு பகுதி மாநிலத்தை விட்டு வெளியேறியவர்களிடம் இருக்கிறது. 2000-க்கும் 2010-க்கும் இடையே அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் மக்கள்தொகை குறைந்தது மிச்சிகனில் மட்டுமே: 99,38,444 பேர் 98,83,640 பேராயினர். இடைநிலை என்பது வரிசையில் ஓர் இடம் என்பதால், எவருடைய சம்பளமும் குறையாமலேயே அது குறைய முடியும். வரிசையின் மேற்பாதியில் நிற்கவேண்டிய பட்டதாரிகள் சிகாகோவுக்குப் போய்விட்டால், நடுவிடம் தானாகவே ஒருபடி கீழே இருப்பவருக்கு மாறும். ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டதும் அதே திசையில் வேலை செய்தது, ஏனெனில் ஓய்வூதியம் எவ்வளவு தாராளமானதாயினும் ஓவர்டைமோடு கூடிய சம்பளத்துக்கு ஈடாவதில்லை.

2010-க்குப் பின் வந்த பத்தாண்டு மீட்சிக்காலம் என்று பாராட்டப்பட்டது. அரசுக் கடனால் பிழைத்த நிறுவனங்கள் லாபம் காட்டின; வேலையின்மை இறங்கியது; 2013 சூலையில் திவாலான டெட்ராய்ட் மாநகராட்சியும் கரையேறியது. இடைநிலை வருமானம் 2010-இல் 45,413 டாலரிலிருந்து 2019-இல் 59,584 டாலராக 31 சதவீதம் உயர்ந்தது. நாட்டின் இடைநிலையும் 50,046 டாலரிலிருந்து 65,712 டாலராக அதே 31 சதவீதமே உயர்ந்தது. ஏறத்தாழ அப்படியே ஒத்துப்போகும் இந்தப் பொருத்தத்தில் மீட்சியின் குறையும் அடங்கியிருக்கிறது: நாட்டின் வேகத்திலேயே ஓடுபவர் முன்பு விழுந்த பள்ளத்தின் தூரத்தை ஒருபோதும் கடப்பதில்லை. 2009-இல் நாட்டின் 90 சதவீதமாக இருந்த மிச்சிகன், 2019-இல் 91 சதவீதத்தை ஒட்டியே நின்றது.

வேறு வழி இருந்ததா என்ற கேள்விக்கு மினசோட்டா ஒரு விடை. அதே பேரேரிப் பகுதி, அதே பனிக்காலம், இரும்புத் தாதுவும் மாவு ஆலைகளுமாகத் தொடங்கிய மாநிலம். 1999-இல் அதன் இடைநிலை 47,111 டாலர், மிச்சிகனைவிட 5 சதவீதம்தான் அதிகம். 2023-இல் 85,086 டாலர், இடைவெளி 23 சதவீதம். 2000-ஆம் ஆண்டில் 25 வயதைத் தாண்டியவர்களில் பட்டம் பெற்றோர் மினசோட்டாவில் 27.4 சதவீதம், நாட்டில் 24.4, மிச்சிகனில் 21.8. பட்டமில்லாமலே நல்ல சம்பளம் தந்த ஆலைகள் இருந்தவரை இந்தக் குறை எவரையும் உறுத்தவில்லை. மகன் கல்லூரிக்குப் போவதைவிட அப்பாவின் ஆலையில் சேர்வதே இலாபகரமான முடிவாக இருந்த தலைமுறைகளில் அது அறிவார்ந்த கணக்காகவும் இருந்தது. ஒரு காலத்தின் நியாயமான தேர்வு அடுத்த காலத்தின் சுமையாக மாறிய கதையாகவே இதைப் படிக்க வேண்டும், மக்களின் மெத்தனமாக அன்று.

மாநிலம் முழுமைக்குமான ஓர் எண் எத்தனை வேறுபாடுகளை மூடிவிடுகிறது என்பதை டெட்ராய்டின் வட எல்லையான எட்டாம் மைல் சாலையில் காணலாம். அந்தச் சாலைக்குத் தெற்கே, 1950-இல் பதினெட்டரை லட்சம் மக்களைக் கொண்டிருந்து 2020-இல் ஆறரை லட்சத்துக்கும் கீழே சுருங்கிய, பெரும்பான்மையாகக் கறுப்பினத்தவர் வாழும் நகரம். வடக்கே, அதிகாரிகளும் பொறியாளர்களும் குடியேறிய ஓக்லண்ட் மாவட்டத்தின் புறநகர்கள். மாநிலம் நல்ல நிலையில் இருந்த 1999-லேயே டெட்ராய்டின் இடைநிலை 29,526 டாலர், ஓக்லண்டினுடையது 61,907 டாலர். சாலையைக் கடந்தால் வருமானம் இரட்டிக்கும். ஆனால் அந்த ஆண்டில் வறுமையின் அடிமட்டம் பலர் எண்ணுவதுபோல் டெட்ராய்டில் இல்லை. மேற்கே காடுகளுக்கு நடுவிலுள்ள லேக் மாவட்டத்தின் இடைநிலை 26,622 டாலர்தான். இனப்பாகுபாடு கோலோச்சிய காலத்தில் வேறெங்கும் அனுமதிக்கப்படாத கறுப்பின நடுத்தர வர்க்கத்தார் கோடை விடுமுறைக்கு வந்து கூடிய ஐடில்வைல்ட் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது; சட்டங்கள் மாறி மற்ற இடங்கள் திறந்தபின் அதன் செல்வாக்கு மங்கியது.

மிச்சிகனில் வாழ்க்கைச் செலவு, குறிப்பாக வீட்டு விலை, நாட்டுச் சராசரியைவிடக் குறைவு என்பதால் 11 சதவீத இடைவெளியில் ஒரு பகுதி வாங்கும் சக்தியில் ஈடாகிவிடுகிறது என்று வாதிடுவோர் உண்டு. வாதத்தில் உண்மை இருக்கிறது. எனினும் வீட்டு விலை மலிந்திருப்பதற்கே வருமானம் தாழ்ந்ததும் ஆட்கள் வெளியேறியதும் காரணங்களில் சிலவாக இருக்கையில், அதை முழு ஆறுதலாகக் கொள்வதற்கில்லை. கார், மருந்து, கல்லூரிக் கட்டணம் ஆகியவை மிச்சிகன்காரருக்கென்று தனியாக மலிந்துவிடுவதுமில்லை.

பெருந்தொற்று ஆண்டான 2020-இல் படிவங்களுக்குப் பதிலளித்தோர் குறைந்து மாதிரி கோணியதால், அந்த ஆண்டுக்கான வழக்கமான ஓராண்டு மதிப்பீடுகள் வெளியிடப்படவில்லை; தொடரில் ஒரு பல் விழுந்தாற்போல் இடைவெளி இருக்கிறது. அதன் இருபுறமும் பார்த்தால், 2019-க்கும் 2023-க்கும் இடையே மிச்சிகனின் இடைநிலை 16 சதவீதம் உயர, விலைவாசி 19 சதவீதம் உயர்ந்தது. பெயரளவு எண்கள் தொடர்ந்து சாதனை உயரங்களைத் தொட்ட அந்த நான்கு ஆண்டுகளில் வாங்கும் சக்தி குறைந்தது.

2023 செப்டம்பரில் மூன்று டெட்ராய்ட் நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம், 2009-இல் நிறுத்தப்பட்ட அகவிலைப்படியை மீட்டது. இரட்டை ஊதிய முறையைப் பெருமளவு ஒழித்தது. 2028 வரையிலான ஒப்பந்தக் காலத்தில் 25 சதவீத அடிப்படை ஊதிய உயர்வைப் பெற்றுத்தந்தது. 1950-இன் உடன்படிக்கையை நினைவூட்டும் வெற்றி இது என்றாலும், மாநில இடைநிலையின்மேல் அதன் பிடி அன்றுபோல் இல்லை. வாகனமும் உதிரிபாகமும் தயாரிக்கும் ஆலைகளில் இன்று வேலை செய்வோர் மிச்சிகனின் சம்பளப் பணியாளர்களில் நூற்றுக்கு நால்வர் அளவே. 20 லட்சமாவது குடித்தனத்தின் வருமானத்தை மருத்துவமனை, பள்ளிக்கூடம், கிடங்கு, கடை ஆகியவற்றின் சம்பளமே இப்போது தீர்மானிக்கிறது. மோட்டார் தொழிலால் 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பெயர்பெற்ற சென்னையும், டியர்பார்னைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபோர்டு 2022-இல் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியபோது, ஒரு நிறுவனத்தின் முடிவு எத்தனை வீடுகளைத் தொடும் என்பதைச் சிறிய அளவில் கண்டது.

மாநில அரசின் இப்போதைய நம்பிக்கை கல்வியின்மேல் இருக்கிறது. உழைக்கும் வயதினரில் பட்டமோ தொழிற்சான்றிதழோ பெற்றவர்களை 2030-க்குள் 60 சதவீதமாக்குவது என்ற இலக்கை ஆளுநர் கிரெட்சன் விட்மர் 2019-இல் அறிவித்தார். 25 வயதைக் கடந்து, பட்டம் பெறாதிருப்போர் உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்யும் திட்டம் 2021-இல் தொடங்கியது. மினசோட்டாவோடு ஒப்பிட்டால் மருந்து சரியான நோய்க்கே கொடுக்கப்படுகிறது எனலாம். ஆனால் மிச்சிகனின் செலவில் படித்து முடித்துச் சிகாகோவில் வேலைக்குச் சேர்பவரின் சம்பளம், அடுத்த கணக்கெடுப்பில் இலினாய் மாநிலத்தின் வரிசையில்தான் எண்ணப்படும்.